திங்கட்கிழமைக் காய்ச்சல்

சித்திரை மாதம். கடற்காற்று நின்றுபோயிருந்தது. பட்டினப்பாக்கத்து மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்து கிடந்தன. வேலை முடிந்து வந்த ஜவஹர் மட்டும் இரண்டு போர்வைக்கு அடியில் பல் கிட்டிக்கப் படுத்திருந்தான்.

அவன் மனைவி புஷ்பம் ஒரு கோணிச் சாக்கை உதறிப் போர்வைமேல் போட்டாள்.

"இன்னாய்யா, இந்தத் திங்கக்கெயமையும் அதேதானா?"

"அதேதான். எலும்பெல்லாம் நோவுது. தண்ணி குடுமே."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. லாரி வந்தால் நல்ல தண்ணீர். வராத நாட்களில் கீழே இருக்கும் அடிபம்புதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் வாயில் வாங்கியதும் துப்பிவிடும். புஷ்பம் சொம்பில் அதைத்தான் மொண்டு கொடுத்தாள். ஜவஹர் மூச்சு விடாமல் குடித்தான்.

"இனிக்குது" என்றான்.

"இனிக்குதா? பாதிக் கடலு அதுல கீது. ஜொரத்துல பெனாத்தாத, படு."

பிறகு வியர்த்தது. செவ்வாய்க்கிழமை காலையில் உடம்பு பச்சைத் தண்ணீர் போல் ஆகிவிட்டது. பழைய சோறு கேட்டுச் சாப்பிட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்கு வேலைக்குப் போனான். சந்துக்குள் ஒரு வெல்டிங் பட்டறை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறான்.

அன்று மத்தியானம் அவன் அக்கா சீதா தியாகராய நகரிலிருந்து கஷாயம் கொண்டு வந்தாள். அவள் புருஷன் அங்கே ஒரு பாத்திரக் கடையில் இருந்தான். தாயில்லாத தம்பியைத் தெற்கேயிருந்து கூட்டிவந்து வளர்த்தவள் அவள். தம்பி மீன்காரியைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு வருத்தம் உண்டு. வெளியே சொன்னதில்லை.

"எங்க அவன்?"

"வேலைக்குப் பூட்டாரு அண்ணி."

"காய்ச்சலோடயா? நல்லாருக்கு." சீதா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம என்ன ஆக்கினே?"

"சங்கரா கொழம்பு."

"என்னைக்குப் புடிச்ச சங்கரா?"

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மந்தைவெளியில் கூடை வைத்து விற்பவள். காலையில் கரைக்கு வந்ததை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள். மீந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் வருவாள்.

"அண்ணி, என் கூடையில நேத்து மீனு கீதுன்னு எவளாச்சும் சொல்லட்டும், கூடைய கடல்ல போட்டுர்றேன்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. திங்கக்கெழம திங்கக்கெழம காய்ச்ச வருது. அப்ப அதுக்கு மொத நா தின்னதுதான? நீயே சொல்லு."

புஷ்பத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் குழம்பு வைத்தாள். திங்கட்கிழமை குளிர் வந்தது. அதற்கடுத்த வாரம் பூசணிக்காய். குளிர் வந்தது.

"சட்டிய மாத்தினியா?" என்றாள் சீதா. "மீன் ஆக்குன சட்டி இல்லா அது? வாடை போவாது."

சட்டியையும் மாற்றினாள். பேச்சு எப்படியோ மந்தைவெளிக்கும் போயிருந்தது. வழக்கமாக வாங்கும் ஒரு பெண், எடுத்த மீனின் செவுளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். புஷ்பம் அந்த மீனைக் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டாள்.

"வேற எடத்துல பாரு கண்ணு" என்றாள்.

மந்தைவெளி தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் நீரஜா இருந்தார். மலேரியாவா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என்ன வேலை என்று கேட்டார். ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் செய்கிற பட்டறை என்றான் ஜவஹர். எத்தனை காலமாக என்று கேட்டார். ரொம்ப காலமாக என்றான். இரண்டும் உண்மை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு நாள் ஜவஹர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"மருந்து கெடச்சிச்சு புஷ்பம்."

"எந்த டாக்டரு குட்தாரு?"

"டாக்டரும் இல்ல, கீக்டரும் இல்ல. பட்டறையில ராஜரத்தினம் அண்ணன் சொல்லிச்சு. அதுக்கும் இதே காய்ச்ச வந்துதாம். பொகை ஒடம்புக்குப் பயகிக்கினு கீது. ஒரு நாளு வூட்ல குந்திக்கினா ஒடம்பு அத்த மறந்துடுது. திங்கக்கெயம போனா புச்சா வந்தா மாரி சண்ட போடுது. அத்தொட்டு ஞாயித்துக்கெயமையும் வேலைக்கு வந்துடுன்னுச்சு. ரெண்டு டம்ளர் பாலு குடின்னுச்சு. அவ்ளோதான்."

"அவரு லீவே போட மாட்டாரா?"

"வருசப் பொறப்புக்குக்கூட போடல. போட்டா மறுநாளு படுத்துக்குவாராம்."

புஷ்பம் அவனையே பார்த்தாள். அவனுக்கு அது கஷ்டமான காரியமாகத் தெரியவில்லை. பட்டறையிலும் வேலை குவிந்து கிடந்தது. ஊரெல்லாம் தண்ணீருக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடிபம்புக் குழாய்களும் தொட்டித் தாங்கிகளும் செய்து மாளவில்லை. முதலாளி கருணாகரன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

காய்ச்சல் நின்றது. வாரங்கள் போயின. சீதா ஒரு நாள் வந்து தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

"மீன நிறுத்தினதும் நின்னுச்சு பாத்தியா" என்றாள்.

புஷ்பம் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. லாரி வரும் காலைகளில் ஜவஹர் தோளில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக நிற்காமல் ஏறிவிடுவான். குடியிருப்பில் மற்ற ஆண்களை அவன் கேலி செய்வதே அதில்தான். இப்போது முதல் மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைத்தான்.

"இன்னாய்யா?"

"கால்ல முள்ளு."

மறுநாளும் இறக்கினான். அன்றும் முள் என்றான். எதிர்வீட்டு அமீனா பீ கதவோரம் நின்று பார்த்தாள்.

"இன்னா ஜவஹரு, படிக்கட்டுல கருவேல மரம் மொளச்சிக்கீதா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜவஹரும் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. நிற்க நேரம் ஆயிற்று. அமீனா பீ சிரிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் குடத்தைத் தான் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

காலையில் எழுந்ததும் இருமினான். மூக்கைத் துடைத்த துணியில் வெள்ளையாகப் பொடி இருந்தது. புஷ்பம் அதை அலசாமல் மடித்து வைத்தாள்.

ஆடி பிறக்கும் முன் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஜவஹர் போகாமலிருக்க முடியாது. போனான். ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டான். கரையில் நிறுத்திய படகில் சாய்ந்து மச்சான்களோடு சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தான். நல்ல ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். மிதிக்க முடியவில்லை. இதற்கு முன் அப்படிக் குளிர் வந்ததில்லை. கட்டிலோடு சேர்ந்து நடுங்கினான். புஷ்பம் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு உதட்டை நக்கினான்.

"இனிக்குதா?" என்று கேட்டாள்.

"உம்."

அவள் சொம்பில் மீதமிருந்ததைத் தன் வாயில் ஊற்றினாள். உப்புக் கரித்தது. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காய்ச்ச போவலைய்யா" என்றாள். "உள்ளதான் கீது. நீ தெனம் போயி அத்தோட வாயப் பொத்திக்கினு கீற."

"வுடுமே. நாளைக்கு சரியாப் பூடும்."

"இந்தக் காய்ச்ச மொதல்ல எப்ப வந்துச்சு?"

"தைக்கு அப்பால."

"தைக்கு அப்பால பட்டறையில புச்சா இன்னா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். பல் அடித்துக்கொண்டது.

"ஒண்ணும் இல்ல. அதே இரும்பு, அதே ராடு. முன்ன கறுப்புக் கம்பி. இப்ப வெள்ள பைப்பு. தண்ணிக்கு அதான், துருப் புடிக்காது. அப்பால, மொதலாளி சைடெல்லாம் தகரம் அடிச்சாரு."

செவ்வாய்க்கிழமை காலையில் அவனை வேலைக்கு விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து டாக்டரின் மேஜைமேல் வைத்தாள். வெள்ளைக் குழாய், தகரம், ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் இனித்தது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நீரஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதையெல்லாம் அன்னிக்கே சொல்லக்கூடாதா ஜவஹர்?"

"நீங்க இன்னா வேலன்னுதாம்மா கேட்டீங்கோ."

"சரிதான், நானும் கேட்டிருக்கணும்." ஜவஹரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். "அந்தக் குழாய்மேல துத்தநாகம் பூசியிருக்கு. சுட்டா அது புகையாகும். அந்தப் புகையாலதான் இந்தக் காய்ச்சல், வாய் இனிக்கிறதும் அதாலதான். காய்ச்சல் ஒரு நாள்ல போயிடும். அதனால ஆள் சாகமாட்டான். ஆனா தினமும் அடைச்ச இடத்துல அந்தப் புகையைக் குடிச்சா நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? இப்பவே மூச்சு அடியில போய்ச் சேரல."

"ராஜரத்தினம் அண்ணன் பாலு குடிக்கச் சொல்லிச்சும்மா."

"பால் வயித்துக்குப் போகும். புகை அங்க போகலையே." டாக்டர் புஷ்பத்தைப் பார்த்தார். "மாத்திரை எழுதி உன்னை ஏமாத்த மாட்டேன். திறந்த இடத்துல, காத்துக்கு முதுகு காட்டி வேலை செய்யணும். ஒட்டவைக்கிற இடத்துல அந்த வெள்ளைப் பூச்சை அரத்தால நல்லா தேய்ச்சு எடுத்துடணும். ஞாயித்துக்கிழமை ஓய்வு. இருமல் முழுக்கப் போகுமான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் கெடாம இருக்கும்."

வெளியே வந்ததும் ஜவஹர் பேசினான்.

"நான் மொதலாளிகிட்ட கேக்க மாட்டேன். அரம் வெச்சித் தேய்ச்சிக்கினு குந்தினா பாதி வேலைதான் ஆவும். வேற ஆளு வாசல்லயே நிக்கிறான்."

"நீ கேக்க வாணாம்."

"நீ வந்தீன்னா என் மானம் பூடும்."

"மூச்சு பூடறதுக்குப் பதிலா மானம் போவட்டும்யா" என்றாள் புஷ்பம்.

மறுநாள் மந்தைவெளியில் விற்றது போதும் என்று கூடையைத் தூக்கினாள். கூடையில் காரப்பொடி மீனும் கொஞ்சம் நெத்திலியும் இருந்தன. ஆழ்வார்பேட்டைவரை நடந்தாள்.

பட்டறை ஒரு ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று பக்கமும் தகரம் அடித்திருந்தது. தெருப் பக்கமும் பாதிக்கு மேல் தகரம். ஓர் ஆள் நுழையும் வழிதான். புஷ்பம் குனிந்து பார்த்தாள். ஜவஹர் கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்துக் குழாய்மேல் கவிந்திருந்தான். வெளிச்சம் வெட்டியது. குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்து அவன் கழுத்தைச் சுற்றிக் கூரைக்குப் போய், போக இடமில்லாமல் இறங்கியது. கூரைக் கம்பிகளில் இலவம்பஞ்சு போலத் தொங்கியது. ராஜரத்தினம் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் புருவம் வெளுத்திருந்தது. நரையல்ல, பொடி.

கருணாகரன் வெளியே நாற்காலியில் இருந்தார்.

"மீனு வாணாம்மா, போ."

"விக்க வரல மொதலாளி. நான் ஜவஹரு வூட்டுக்காரி."

சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். கெட்ட மனிதரில்லை.

"நானா ஆசப்பட்டுத் தகரம் அடிச்சேன்? பக்கத்து வூட்டு மாமி வந்து வெளிச்சம் கண்ணக் குத்துதுன்னு சத்தம் போட்டாங்க. கார்ப்பரேஷனுக்கு எழுதுவேன்னாங்க. தகரத்தப் பிரிச்சா பட்டறைய மூடணும். மூடட்டுமா? சொல்லு."

"அரம்?"

"ஒவ்வொரு பைப்பையும் தேய்ச்சிக்கினு குந்தினா ஆர்டரு இன்னிக்கா முடியும்? ஊரு தண்ணியில்லாம கெடக்குது."

"எங்க வூட்லயும் இல்ல மொதலாளி."

"அப்பறம் இன்னா? போம்மா. அவன் நல்லாத்தான் கீறான்."

புஷ்பம் கூடையைப் பட்டறை வாசலில் இறக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா இது?"

"குந்தினு கீறேன்."

"எதுக்கு?"

"நீ தகரத்தப் பிரிக்கறதப் பாக்க."

உள்ளிருந்து ஜவஹர் தலையை நீட்டினான். "புஷ்பம், எயுந்து போ." அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கருணாகரன் சிரித்தார். வெயில் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. ஈ வந்தது. குழாய் பார்க்க வந்த ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று ஸ்கூட்டரைத் திருப்பினார்.

"கூடைய மூடும்மா!"

"மூடினா வெந்து பூடும் மொதலாளி. மீனுக்குக்கூட காத்து வேணும்."

ஓட்டு வீட்டின் கேட் திறந்தது. அபயாம்பாள் மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏண்டியம்மா, இது என்ன அக்கிரமம்? எங்காத்து வாசல்ல மீனை வச்சுண்டு உக்காந்திருக்கியே!"

புஷ்பம் எழுந்து கும்பிட்டாள். கூடையைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"மன்னிச்சிக்கோ மாமி. உள்ள என் வூட்டுக்காரரு வேல செய்றாரு. தகரம் அடிச்சதுல பொகை வெளிய போவாம அவரு நெஞ்சுல தங்கிக்கினு கீது. பிரிக்கச் சொன்னா, மாமி கார்ப்பரேஷனுக்கு எயுதும்ன்றாரு மொதலாளி."

"நானா?" மாமி கருணாகரனைப் பார்த்தாள். "எங்காத்து மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு. ஜன்னலோரமா படுத்துண்டிருக்கார். பளிச்சு பளிச்சுன்னு அடிக்கறதே, மறைங்கோன்னேன். எங்க பக்கம் மறைச்சாப் போறாதா? நாலு பக்கமும் அடைன்னு யாருய்யா சொன்னா?"

"திருட்டு பயமும் இருக்குது மாமி…"

"வெளிச்சத்தைத்தான் மறைக்கச் சொன்னேன். மனுஷாளோட மூச்சை அடைக்கச் சொல்லலையே." தலைப்பைச் சற்று இறக்கி, உடனே மறுபடி பொத்திக்கொண்டாள். "எங்க பக்கம் தகரம் இருக்கட்டும். மத்ததைப் பிரியுங்கோ. அதுக்கு முன்னாடி இவளை எழுப்புங்கோ, தலையைச் சுத்தறது."

"சரி மாமி, பிரிச்சுடறேன். எயுந்திரு தாயீ."

புஷ்பம் மறுபடி உட்கார்ந்தாள்.

"அதான் பிரிக்கிறேன்னுட்டேனே!"

"அரம்?"

"நேரம் யாரு குடுப்பா?"

"ஞாயித்துக்கெயம இனிமே இவரு வர மாட்டாரு. தேய்க்காம வுட்டீன்னா திங்கக்கெயம நடுங்குவாரு, செவ்வாக்கெயம அரை ஆளுதான் வருவாரு. அந்த நேரத்த அரத்துக்குக் குடு."

"மொதல்ல மீனத் தூக்கு."

"அரம்?"

"வெச்சிக்கச் சொல்லு! எல்லாத்தயும் தேய்க்கச் சொல்லு! தூக்கு!"

ஜவஹர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வாசலில் நின்றான். தகரத்தில் முதலில் கை வைத்தது ராஜரத்தினம். சுத்தியலின் கொண்டியால் ஆணியை நெம்பினார். தெருப் பக்கத் தகரம் சரிந்ததும் உள்ளே வெயிலும் காற்றும் வந்தன. அவர் அங்கேயே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜவஹர் வீட்டில் இருந்தான். புஷ்பம் விடியலில் கரைக்குப் போய்ச் சங்கரா எடுத்து வந்தாள். சீதாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். சீதா வந்து அடுப்பைப் பார்த்தாள்.

"திரும்பவுமா மீனு?"

"தலைய இன்னும் போடல அண்ணி. செவுளு பாத்துக்கோ."

சீதா பார்க்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

"இரு அண்ணி. அதுக்குத்தான் கூப்ட்டேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் கொடியில் போர்வைகள் மடித்துக் கிடந்தன. லாரி வந்து போயிருந்தது. நல்ல தண்ணீர் மூலையில் ஈரத்துணி கட்டிய பானையில் இருந்தது. புஷ்பம் கீழே போய் அடிபம்பில் ஒரு சொம்பு அடித்துக்கொண்டு வந்தாள்.

சைக்கிள் சத்தம் கேட்டது. படியில் காலடி கேட்டது. முதல் மாடித் திருப்பத்தில் நின்றது. இருமல். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. காலடி மறுபடி ஏறியது.

ஜவஹர் வந்து சட்டையைக் கழற்றினான். விரல்களில் அரம் தேய்த்த கறுப்பு. சீதா எழுந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி குடுமே" என்றான்.

புஷ்பம் சொம்பை நீட்டினாள். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். முகம் கோணியது. நடைக்கு ஓடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே துப்பினான்.

"தூ! இன்னாமே இது? ஒரே உப்பு!"

"நல்லா பாத்துச் சொல்லு. உப்புதானா?"

"கரிக்குதுன்றேன். வாயில வெக்க முடியல. வேணும்னா நீ குட்ச்சிப் பாரு."

புஷ்பம் குடித்துப் பார்க்கவில்லை. சொம்பைக் கையில் வாங்கி மீதியைத் தொட்டியில் கொட்டினாள். மூலைக்குப் போய்ப் பானையின் ஈரத்துணியை அவிழ்த்தாள்.

"குந்து. லாரித் தண்ணி கீது" என்றாள்.